புல்லைப் பார்ப்பதா, தண்ணீரை அளப்பதா? லாஸ் வேகஸும் கலிபோர்னியாவும்

தோட்டத்துக்குப் போகும் தண்ணீரைக் குறைக்க லாஸ் வேகஸ் கேட்பது ஒரே கேள்விதான்: புல் இருக்கிறதா? புது வீடுகளின் முன்பக்கத்தில் புல் வளர்க்க 2003-லேயே தடை வந்துவிட்டது. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் 2021 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கடை வாசல், சாலை நடுத்திட்டு என்று யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீரே கிடையாது என்றது. தனி வீடுகளுக்கு மட்டும் விலக்கு. புல்லை எடுத்துவிட்டுச் சொட்டுநீரும் வறட்சி தாங்கும் செடியும் வைத்தால் சதுர அடிக் கணக்கில் காசும் தருகிறார்கள், ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே அவசரப்பட்டுப் புல்லைப் பிடுங்கினால் அது போச்சு.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அங்கே குளியலறையிலும் சமையலறையிலும் செலவாகும் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு, ஊருக்குத் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்று நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திரும்பிப் போகிறது, அந்த அளவு ஆற்றுத் தண்ணீரை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கில் வரவாகவும் ஏறுகிறது. புல்லுக்குத் தெளித்ததோ ஆவியாகிப் போனது போனதுதான். ஒரு சதுர அடி புல்லை எடுத்தால் ஆண்டுக்கு 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

கலிபோர்னியா வேறு வழி. மாநிலம் ஒரு மாதிரி விதி தரும். உள்ளாட்சிகள் அதையே ஏற்கலாம், இல்லை அதற்குக் குறையாத சொந்த விதி போடலாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி தேவைப்படும் புதுத் தோட்டம் 500 சதுர அடியைத் தொட்டாலே இது பொருந்தும். தோட்டத்துக்கு ஆண்டுத் தண்ணீர் வரம்பு உண்டு: ஊரின் நீராவிப்போக்கு (மண்ணும் செடியும் ஆண்டில் ஆவியாக்கும் நீர்) 50 அங்குலம், வீட்டுத் தோட்டம் 1,000 சதுர அடி என்று வையுங்கள், 50-ஐ 0.62 (அங்குலத்தைக் கேலனாக்கும் எண்), 0.55 (வீட்டுத் தோட்டத்துக்கு விதி அனுமதிக்கும் பங்கு), 1,000 எல்லாவற்றாலும் பெருக்கினால் 17,050 கேலன். அதற்குள் எந்தச் செடி வைப்பது என்பது உங்கள் பாடு. ஈரம் காயாமல் இருக்க மண்மேல் 3 அங்குலம் மூடாக்கு (மரச்சீவல் போன்ற போர்வை) போட வேண்டும். 2,500 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுத் தோட்டமா, இந்தக் கணக்கே வேண்டாம், கால்வாசிக்கு மேல் புல் வைக்காமல் கூடவே உள்ள சில நிபந்தனைகளைப் பின்பற்றினால் போதும்.

காகிதத்தில் கலிபோர்னியா விதிதான் நியாயமானது. ஆனால் வரைபடத்துக்கு முத்திரை குத்திய பிறகு, மூன்றாம் வருடம் யார் வந்து அளப்பார்கள்? புல் இருக்கிறதா என்பதைத் தெருவில் நின்றபடியே பார்த்துவிடலாம், ஆள் பற்றாக்குறையில் ஓடும் அலுவலகத்துக்கு அதுதான் தோது. லாஸ் வேகஸ் முறையில் நான் பயப்படுவது மரங்களுக்கு. புல்லுக்குத் தெளித்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரத்துக்குத் தனியாகச் சொட்டுக்குழாய் போடாவிட்டால் அதுவும் காய்ந்துவிடும்.

ஆக, கடை வாசலுக்குத் தடை, புது வீட்டுக்கு வரம்பு என்று பிரித்துக்கொள்வேன். கலிபோர்னியாவே 2023-ல் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது: வணிக, அரசு வளாகங்களின் அலங்காரப் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சத் தடை, 2027 முதல் படிப்படியாக.