இரவல் கமராவா, இருட்டறையா?

மலையகத்தில் பிலிம் கமரா பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வி, "பிலிம் எங்கே வாங்குவது, யார் கழுவித் தருவார்கள்?" என்பதுதான். கமரா பெரிய சிக்கலில்லை. கலியாணப் படம் எடுத்துவிட்டுக் கைவிட்ட கமராக்கள் சில வீட்டு அலுமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. சரி, ஒரு தோட்டத்துச் சனசமூக நிலையம் பிள்ளைகளுக்கு இந்தக் கலையைப் பழக்க நினைத்தால் எதில் இறங்குவது? கமராக்களைச் சேர்த்து வாசிகசாலைப் புத்தகம் போல இரவல் கொடுப்பதிலா, ஓர் அறையை இருட்டாக்கிச் செயலமர்வு நடத்துவதிலா?

இரவலுக்கு மலையில் தனி நியாயம் ஒன்று உண்டு. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈரக்காற்றில், மூடி வைத்த லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்துவிடும். வெயிலும் காற்றும் பட்டுக் கைமாறும் கமராவுக்கு அந்தப் பயம் குறைவு. (எங்கள் வீட்டுக் கமரா தப்பவில்லை. தோல் பையோடு பத்திரப்படுத்தியதுதான் வினை.)

ஆனால் பிலிம் சுருள் சரியாக மாட்டாமல் போனால் 36 படமும் வெறுமைதான். அது தெரிய வருவதோ ரோல் கொழும்புக்குப் போய்த் திரும்பிய பிறகு. அதற்குள் என்ன பிழை விட்டோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

செயலமர்வில் பிழை அன்றைக்கே தெரிந்துவிடும். பால்மா டின்னில் ஊசித்துளை போட்டு, உள்ளே போட்டோத் தாளை வைத்தால் அதுவே கமரா. சிவப்பு பல்பின் கீழ், தட்டில் கிடக்கும் வெள்ளைத் தாளில் உருவம் மெல்லக் கறுத்து எழும்பும்போது பிள்ளைகள் போடும் சத்தம் இருக்கிறதே! 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் இன்னும் எளிது: மருந்து பூசிய தாளில் பன்ன (fern) இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலப்படம். அதைக் கடுந்தேயிலைச் சாயத்தில் ஊற வைத்தால் நீலம் கறுப்பாக மாறும். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின், மருந்திலுள்ள இரும்போடு சேர்வதால் வரும் மாற்றம் அது. சாயத்துக்கு நமக்கா பஞ்சம்? வெயிலுக்குத்தான். ஜூன், ஜூலையில் ஹட்டனில் இதை வைக்காதீர்கள், பண்டாரவளைப் பக்கம் வையுங்கள்.

கறுப்பு வெள்ளை பிலிம் கழுவும் மருந்துக்கு 20 பாகை செல்சியஸ் சூடு போதும். கொழும்பில் அதற்கு ஐஸ் தேட வேண்டும், இங்கே கொஞ்சம் சுடுதண்ணி கலந்தால் சரி. கலர் பிலிமுக்கு 38 பாகையை இம்மி பிசகாமல் பிடிக்க வேண்டும், அது இப்போதைக்கு வேண்டாம்.

ஆகவே என் ஓட்டு இருட்டறைக்கு. என்றாலும் அதோடு நின்றால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது நீல இலைதான், லயத்துக்குள் கமரா போகாது. 1879-இல் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமான பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரன் இலங்கையில் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். எடுத்தவர் பேர் நிலைத்தது, படத்தில் நிற்பவர்கள் பேர் பெரும்பாலும் தெரியாது. அப்பாயி அடுப்பூதுவதைப் பேரப்பிள்ளை எடுக்க வேண்டுமானால் கமரா ஒரு கிழமையாவது வீட்டில் இருந்தாக வேண்டும்.

முதலில் ஒரு ரோலைத் தன் கையால் கழுவியவருக்கு மட்டும் இரவல் கொடுக்கலாம். 30 மீட்டர் பிலிம் சுருள் வாங்கி, ஆளுக்கு 12 படம் வருமாறு நறுக்கிக் கொடுத்தால் நட்டமும் சிறிதாக இருக்கும். அப்புறம் ஒன்று: பாவித்த பிக்சரில் (fixer, படத்தை நிலைக்க வைக்கும் மருந்து) வெள்ளி கரைந்திருக்கும், அதை ஓடையில் ஊற்றிவிடாதீர்கள். கீழ் டிவிஷன்காரர் குளிப்பது அந்தத் தண்ணியில்தான்.