தாடி, தலைப்பாகை, ஹிஜாப்: அமெரிக்கத் தரைப்படையின் மத அனுமதி நடைமுறை எந்த அளவுக்குத் தேறும்?

அமெரிக்கத் தரைப்படையில் சேர நினைப்பவர் சீக்கியரோ முஸ்லிமோ யூதரோ இந்துவோ, மத அனுமதி விண்ணப்பத்தை (மத நம்பிக்கைக்காகத் தாடி, தலைப்பாகை போன்றவற்றுக்கு ராணுவ விதியிலிருந்து விலக்கு கேட்பதை) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கொடுத்துவிட வேண்டும். விதி அதற்கு இடம் தருகிறது. உள்ளே போய்விட்டால் கதை வேறு. அனுமதி வரும்வரை மற்றவர்களுக்கு உள்ள விதிதான் உங்களுக்கும். தாடிக்கு அனுமதி கேட்டவர் பதில் வரும்வரை தினமும் சவரம் செய்துகொண்டிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து முடியில் கத்தி படாமல் வளர்ந்த ஒரு சீக்கிய இளைஞரிடம் இப்படிக் கேட்பது கொடுமை. இந்த நடைமுறையில் உள்ள மிகப் பெரிய ஓட்டை இதுதான். "சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ரெக்ரூட்டர் (ஆள்சேர்ப்பு அதிகாரி) சொன்னால் நம்பி இறங்காதீர்கள்.

பணியில் இருப்பவர் தன் உடனடி கமாண்டரிடம் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எந்த விதியிலிருந்து விலக்கு, எந்த நம்பிக்கைக்காக, எவ்வளவு காலமாக எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள் என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அடுத்தது ராணுவ மதகுருவுடன் நேர்காணல். அவர் உங்கள் மதத்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் கிறிஸ்தவராகவே இருப்பார். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அவர் வேலையல்ல. உங்கள் நம்பிக்கை மனதார உள்ளதா என்று தன் கருத்தை எழுதிக் கொடுப்பார், அவ்வளவுதான். ராணுவ மதகுருவிடம் அந்தரங்கமாகச் சொல்வது வெளியே போகாது என்பது பொது விதி. இந்த நேர்காணலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது; சொன்னது கோப்பில் ஏறும். மனபாரத்தை இறக்கி வைக்க வேறொரு நாள் தனியாகப் போய்ப் பாருங்கள்.

பிறகு மேலதிகாரிகளின் பரிந்துரை, சட்டப் பிரிவின் பார்வை, முடிவு. தரைப்படையின் 2017 ஜனவரி ஆணை, முடிவெடுக்கும் அதிகாரத்தை பிரிகேட் (சில ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) அளவிலான கமாண்டருக்குக் கொடுத்தது. பின்னர் அது ஜெனரல் மட்டத்துக்கு உயர்த்தப்பட்டது. பாதுகாப்புத் துறையின் 2020 விதிப்படி அமெரிக்காவுக்குள் எழும் விண்ணப்பத்துக்குக் காலக்கெடு 30 வேலை நாட்கள்.

கோப்பு இழுபடுவதற்குப் பெரும்பாலும் விண்ணப்பத்தின் வாசகமே காரணமாகிவிடுகிறது. "மதக் காரணம்" என்று ஒற்றை வரியில் முடிப்பது, இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒட்டுவது இரண்டுமே கூடாது. உங்கள் வாழ்க்கையை வைத்து எழுதுங்கள். "எல்லா முஸ்லிமும் தாடி வைப்பதில்லையே" என்ற கேள்வி வரலாம். அதற்கு அசர வேண்டாம். 1993ஆம் ஆண்டின் மத சுதந்திர மீட்புச் சட்டம், அந்த வழக்கம் மதத்தில் கட்டாயமா என்று பார்ப்பதில்லை. உங்கள் நம்பிக்கை உண்மையானதா என்றே பார்க்கிறது. அதைத் தடுக்க, தவிர்க்க முடியாத காரணமும் அதைவிடக் குறைந்த கட்டுப்பாடு போதாது என்ற நிரூபணமும் அரசிடம் இருக்க வேண்டும்.

அனுமதி கிடைத்தவர்களுக்கான அளவுகளை 2017 ஆணை துல்லியமாகச் சொன்னது; இந்த நடைமுறையின் சிறப்பான பகுதி இது. தாடி 2 அங்குலத்துக்கு மேல் நீண்டால் சுருட்டியோ கட்டியோ அந்த அளவுக்குள் அடக்க வேண்டும். தலைப்பாகை சீருடையோடு ஒத்துப்போகும் அடங்கிய நிறத்தில் இருக்க வேண்டும். ஹெல்மெட் போடும்போது அடியில் பட்கா என்ற சிறு தலைத்துணி மட்டும். ஹிஜாபின் முனைகளைச் சீருடைக்குள் செருக வேண்டும்; புருவம், கன்னம், மோவாய் மறையக் கூடாது.

சிக்கல் வாயு முகமூடியில்தான். முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் காற்று கசியாது. இடையில் முடி இருந்தால் கசியலாம் என்பது ராணுவத்தின் வாதம். முகமூடி போடும் பயிற்சி நாளில் தாடிக்கு பெட்ரோலியம் கலந்த பசை தடவக் கூடாது. ரசாயனப் போர்ப் பிரிவு வேலைகள் தாடி வைத்தவருக்குக் கிடைக்காது. குறிப்பான ரசாயன அபாயம் இருந்தால் மழிக்கச் சொல்லவும் கமாண்டருக்கு அதிகாரம் உண்டு. இவ்வளவும் நியாயமே. ஆனால் 2007 முதல் மருத்துவக் காரணங்களுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குத் தாடி அனுமதி தரப்பட்டிருந்தது ஒரு சீக்கிய மாணவர் தொடுத்த வழக்கின் 2015 தீர்ப்பில் வெளிப்பட்டது. தோல் வியாதிக்குத் தந்ததை நம்பிக்கைக்குத் தர மறுப்பதில் என்ன நியாயம்? 2016இல் கேப்டன் சிம்ரத்பால் சிங்கை மட்டும் தனியாகப் பிடித்து முகமூடிச் சோதனைக்கு அனுப்பப் பார்த்தார்கள். மார்ச் தொடக்கத்தில் நீதிமன்றம் தடுத்தது; அந்த மாதக் கடைசியிலேயே அனுமதி வந்தது. ஆப்கானிஸ்தானில் பணியாற்றி வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கிய அதிகாரி அவர்.

நெற்றிக்குறிக்கும் வழி உண்டு. 2022இல் வயோமிங்கில் உள்ள ஒரு விமானப்படைத் தளத்தில் சீருடையோடு திலகம் இட ஓர் இந்து வீரருக்கு அனுமதி கிடைத்தது. நெற்றிக்குறி, தாடி, தலைப்பாகை மூன்றிலும் கைவைத்த உத்தரவுதான் 1806இல் வேலூர்க் கோட்டையில் வெடித்தது என்பதை அறிந்த நமக்கு, இந்த அனுமதியின் எடை புரியும்.

இப்போதைய நிலவரம் மோசம். 2025 செப்டம்பர் 30 அன்று பாதுகாப்புத் துறைத் தலைமை, முக முடி விதிகளை, தாடிக்கு விலக்கு அரிதாக இருந்த 2010க்கு முந்தைய நிலைக்குத் திருப்பச் சொன்னது. பணிக்காலம் முழுக்க நீடிக்கும் என்று வாக்களித்துத் தந்த அனுமதியை இந்தச் சுற்றறிக்கை ஆட்டம் காண வைப்பது பெரிய அநியாயம். ஆனால் சுற்றறிக்கையால் 1993 சட்டத்தை ரத்து செய்ய முடியாது. மரீன் படையின் பயிற்சி முகாமில் சீக்கியர்களைத் தாடியை மழிக்கக் கட்டாயப்படுத்தியதை 2022 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தபோது கையில் எடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.

ஆகவே புதிதாக விண்ணப்பிப்பவர் அந்தச் சட்டத்தின் பெயரைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். கொடுத்த தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஏற்கெனவே அனுமதி உள்ளவர் அதன் பிரதியைச் சட்டைப்பையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வையுங்கள். மழிக்கச் சொல்லி உத்தரவு வந்தால், அதை எழுத்தில் கேட்டு வாங்கி, அன்றே ராணுவச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்.