ஏற்றத்தில் பின்னால் உருண்ட கார்: நீலகிரிச் சாலையில் டேஷ்கேம் எதற்குச் சாட்சி, எதற்கு இல்லை

சீசனில் குன்னூர் ஏற்றத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னால் நிற்கும் கார் பிரேக்கிலிருந்து காலெடுத்து கிளச்சை விடுவதற்குள் ஓரடி பின்னே உருண்டு, பின்னால் நிற்பவரின் முன்பம்பரில் முட்டும். ஓட்டியவர் இறங்கி வந்து, "பின்னாடி வந்து இடிச்சது நீங்கதானே?" என்பார். முன்வண்டியோடு போதிய இடைவெளி விடுவது பின்னால் வருபவரின் கடமை என்று 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்வதால், சந்தேகம் முதலில் பின்வண்டி மேல்தான் விழும். இரண்டு பம்பரிலும் உள்ள கீறலை வைத்து யார் நகர்ந்தார் என்று சொல்லவும் முடியாது.

இந்த ஒரு தகராறுக்காகவே மலையில் ஓடும் காருக்கு டேஷ்கேம், அதாவது முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதிவு செய்யும் சிறு கேமரா, வாங்கலாம். பதிவில் ஓரத்துத் தடுப்புச் சுவர் அசையாமல் நிற்கும்; முன் காரின் நம்பர் பிளேட் மட்டும் பெரிதாகிக்கொண்டே வரும்; படத்தின் அடியில் ஜிபிஎஸ் வேகம் 0 என்று இருக்கும். அதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு மெல்லிய முட்டலை, மோதலின் அதிர்வை உணர்ந்து பதிவை அழியாமல் பூட்டும் ஜி-சென்சார் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கோப்பு தானாகப் பூட்டப்படாது, கார்டு நிரம்பியதும் பழையதை அழித்து எழுதும் லூப் பதிவில் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். இறங்கிப் பேசப் போகும் முன் பூட்டு பொத்தானைக் கையால் அழுத்திவிட வேண்டும்.

சென்சாரின் உணர்திறனைக் கூட்டி வைத்தால் தீராதா? தீராது. மழைக்குப் பின் குழி விழுந்த மலைச்சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் 'விபத்து' ஆகி, பூட்டிய கோப்புகளாலேயே மெமரி கார்டு நிரம்பிவிடும். குறைந்த அளவில் வைத்துக் கையை நம்புவதே மேல்.

ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை விற்கும் இரட்டை கேமரா வகையே இங்கே பேச்சு: படத் தெளிவு முன்னே 1440பி, பின்னே 1080பி, ஜிபிஎஸ் உண்டு. அதைவிடத் தெளிவான 4கே-க்காகக் கூடுதல் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை, தொடர்ந்து எழுதி அழிப்பதைத் தாங்கும் ஹை எண்டியூரன்ஸ் கார்டுக்குப் போடுங்கள். 64 ஜிபி கார்டில் இரண்டு கேமராவும் சேர்ந்து சுமார் ஐந்து மணி நேரம் நிற்கும், பிட்ரேட்டை (ஒரு நொடிப் பதிவு பிடிக்கும் டேட்டா அளவை) பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். காலையில் மேட்டுப்பாளையத்தில் ஏறி, நாளெல்லாம் ஊட்டியைச் சுற்றினால், பூட்டாத காலைப் பதிவு மாலையில் இருக்காது. உள்ளே லித்தியம் பேட்டரி உள்ளதைவிட, மின்சாரத்தைச் சேர்த்து வைக்க சூப்பர் கெப்பாசிட்டர் என்ற பாகம் உள்ளதை எடுங்கள். மலை குளிர்தான் என்றாலும், கீழே வெயிலில் நிறுத்தும் நாளில் பேட்டரி உப்பிவிடும். ஜிபிஎஸ் இல்லாத மாடலில் சில நாள் வண்டி எடுக்காவிட்டால் தேதி பழைய ஆண்டுக்கு ஓடிப்போய்விடும். தேதி தவறிய பதிவை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

வளைவில் எதிரெதிரே உரசும் தகராறில் டேஷ்கேம் பாதி உதவிதான். இடப்புறம் ஓட்டும் நம் சாலையில் கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் இரண்டு விதம்: வலப்பக்க வளைவில் உட்புறத்தை வெட்டிச் செல்வது, இடப்பக்க வளைவில் வேகம் தாங்காமல் வெளியே விலகுவது. இரண்டிலும் வலது முன்மூலைதான் அடிபடும்; இருவரும் "நீ என் பக்கம் வந்தே" என்பார்கள். கேமரா நேரே பார்ப்பது. கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டி ஓரத்தில் திடீரென முளைத்து ஒரு நொடியில் மோதிவிடும். 170 டிகிரி லென்ஸ் என்றால் பக்கம் தெரியும், தூரம் ஏமாற்றும்: பத்தடியில் வரும் பேருந்து முப்பதடியில் இருப்பதுபோல் காட்டும். 140 டிகிரி போதும்.

நடுக்கோட்டைத் தாண்டினோமா என்பதற்கு ஒரு வழி உண்டு. பொருத்திய அன்றே வண்டி வராத நேரான சமதளத்தில், வலது சக்கரங்களைக் கோட்டின்மேல் நிறுத்தி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கோடு பானட்டின் விளிம்பை எந்த இடத்தில் தொடுகிறது என்பதுதான் அளவுகோல். பின்னர் எந்தப் பதிவிலும் கோடு அதற்கு வலப்புறம் இருந்தால் நீங்கள் உங்கள் பக்கத்தில். இடப்புறம் நகர்ந்திருந்தால் தாண்டிவிட்டீர்கள். கேமராவைக் கழற்றி மாட்டினால் மறுபடி எடுக்க வேண்டும். பானட் விளிம்பு தெரியாத கோணத்தில் பொருத்தினால் இந்த வசதியே போய்விடும். கடைக்காரர்கள் வானத்தை நிறையக் காட்டித்தான் ஒட்டித் தருகிறார்கள்.

இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது குறுகலான மலைச்சாலையின் விதி. படத்திலோ சரிவு தட்டையாகிவிடும். யார் ஏறினார், யார் இறங்கினார் என்று பார்த்தவருக்குப் புரியாது. அதை ஜிபிஎஸ் தடம்தான் சொல்லும். பனிமூட்டத்தில் படம் வெறும் வெள்ளை. அப்போது மிஞ்சுவது ஒலி: வளைவுக்கு முன் ஹாரன் அடித்தீர்களா என்பது மைக்கில் இருக்கும். பலரும் மைக்கை அணைத்து வைக்கிறார்கள், தவறு. கேமரா வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்கட்டும். ஒட்டும் முன் கண்ணாடியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், ஈரத்தில் ஒட்டினால் ஊட்டிக் குளிரில் விடிவதற்குள் கீழே கிடக்கும்.

வீடியோ இருக்கிறதே என்று படம் எடுக்காமல் விடக்கூடாது. பின்னால் வரிசை சேரும், வண்டியை நகர்த்தச் சொல்வார்கள். அதற்கு முன் நான்கு திசையிலும் அகலமாக எடுங்கள். முன்சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், டயர் தடம், நடுக்கோடு எல்லாம் தெரியட்டும். மோதிய இடத்தில் சக்கர வளைவின் அடியிலிருந்து உதிர்ந்த மண்கட்டி கொட்டிக் கிடக்கும். வண்டிகள் எங்கே போய் நின்றிருந்தாலும் மோதல் எந்தப் பக்கத்தில் நடந்தது என்பதற்கு அது நல்ல தடயம். மழை கரைத்துவிடும், முதலில் அதை எடுங்கள். சக்கரங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியோ செங்கல் துண்டோ கொண்டு கோடிட்ட பிறகு நகர்த்தலாம். "என் தப்புதான்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பேற்பது பாலிசி நிபந்தனைக்கு மாறு.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிப்போன வேறு கோப்பு; அதை நம்பி மூலத்தை அழித்தால் வழக்கில் தடுமாற வேண்டியதுதான். கார்டைக் கழற்றி உறையில் வையுங்கள், அப்படியே ஒரு நகல் எடுங்கள். நீதிமன்றத்துக்குப் போனால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் மின்னணுப் பதிவுக்கென உள்ள 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியான ஹாஷ் மதிப்பும் தர வேண்டியிருக்கும்.

சொந்த வண்டிச் சேதத்துக்கு முழுக் காப்பீடு இருந்தால் தவறு யாருடையது என்பது பெரிதல்ல. கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போகும், அவ்வளவுதான். யாருக்காவது காயம் என்றால் கதை வேறு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தவறை இருவருக்கும் விகிதம் போட்டுப் பிரிக்கலாம், அப்போது படத்தின் அடியில் ஓடும் வேகம் உங்களுக்கு எதிராகவும் பேசும். வேக முத்திரையை அமைப்பில் அணைத்து வைக்கலாம். அணைத்தால் ஏற்றத்தில் நின்றிருந்த உங்கள் காரின் 0-வும் சேர்ந்தே மறையும்.