அப்பா வாங்கிய காரும் மஞ்சள் பையில் சேர்ந்த காகிதங்களும்

2025 பொங்கலுக்கு நீண்ட விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து கும்பகோணம் போனேன். ஆதார் திருத்தம், வங்கியில் அம்மாவின் கேஒய்சி, வீட்டு வரி என்று ஒரு பட்டியலோடு இறங்கினேன். அதெல்லாம் நான்கு நாளில் முடிந்துவிட்டது. மீதி நாட்களை ஒரே ஒரு விஷயம் எடுத்துக்கொண்டது. அதைத்தான் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் பெற்றோருக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் யாருக்கும் இது நடக்கலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பஸ் ஏற முடியவில்லை. அதனால் 2024 ஆகஸ்டில் 3,40,000 ரூபாய் அனுப்பினேன். அப்பாவும் சித்தப்பா மகனும் திருச்சியில் பழைய வண்டி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடைக்குப் போய் 2016 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்து வந்தார்கள். சிங்கிள் ஓனர், சென்னையில் ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி, 41,300 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று கடையில் சொன்னார்களாம். 2,50,000 அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து கடைக் கணக்குக்குப் போனது. மீதி 90,000 ரொக்கம். "ஆர்.சி. ஒரு மாசத்துல உங்க பேருக்கு வந்துடும் ஐயா" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரியில் நான் போனபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருந்தது. அதோடு வண்டியின் மேல் ஒரு வங்கியின் ஹைபோதிகேஷனும், அதாவது கடனுக்கான அடமானப் பதிவும், நீக்கப்படாமல் இருந்தது. பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைத் தட்டினாலே இரண்டும் தெரிகிறது. வாங்குவதற்கு முன் நான் சிங்கப்பூரில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சுவாமிமலை போய்விட்டு வரும்போது கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் விட்டோம். அவர் பானட்டைத் திறக்கும் முன்னாலேயே கதவைத் திறந்து குனிந்து, பிரேக் பெடலைக் காட்டினார். பெடல் ரப்பரில் இருக்க வேண்டிய கோடுகள் ஒன்றுகூட இல்லை, தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. கியர் குமிழில் மூன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும் அழிந்து போயிருந்தன. டிரைவர் சீட்டின் வலது ஓரம் உள்ளே அமுங்கிக் கிடந்தது. "தம்பி, நாப்பதாயிரம் ஓடின வண்டியில பெடல் இப்படி ஆகாது. மீட்டரைக் குறைச்சிருக்காங்க. சேசிஸ் நம்பரைக் குடுத்து கம்பெனி சர்வீஸ்ல கேளுங்க" என்றார்.

கேட்டோம். அப்பா பெயரில் ஆர்.சி. இல்லாததால் முதலில் தயங்கினார்கள். வண்டியை நேரில் காட்டி, எழுத்தில் கேட்டு, கடையிலிருந்து வந்த ரசீதையும் வைத்தபிறகு பழைய ஜாப் கார்டு (சர்வீஸ் பதிவு) விவரத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் சர்வீசுக்கு வந்தபோதே 98,640 கிலோமீட்டர். மூன்று வருடம் கழித்து, விற்கும்போது 41,300! அந்தத் தாளை அப்பா இரண்டு முறை படித்தார். கணக்கு வாத்தியாராக முப்பது வருடம் இருந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

மறுநாள் திருச்சிக்குப் போனோம். கடைக்காரர் நாற்காலி போட்டார், டீ சொன்னார். தாளை நீட்டியதும் முகம் மாறியது. "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும். ஓட்டிப் பாத்துட்டுத்தானே எடுத்தீங்க? நான் வெறும் புரோக்கர், வித்தது ஓனர். அவருகிட்ட கேளுங்க." அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மட்டும், "ரெண்டு தடவ கேட்டேன்டா தம்பி. கிலோமீட்டர் சரிதானான்னு ரெண்டு தடவ கேட்டேன்" என்றார். அதைக் கேட்ட பிறகு இதை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஊரில் சொன்னவர்கள் எல்லோருமே நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள்: போனது போகட்டும், வண்டியை வேறு யாருக்காவது தள்ளிவிடுங்கள், கோர்ட்டு கேஸ் என்று இந்த வயதில் அவர் அலைய வேண்டுமா? தள்ளிவிடுவது என்றால் அதே பொய் மீட்டரோடு இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது. அதற்கு அப்பா ஒப்பவில்லை. நானும் ஒப்பவில்லை. போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். அது தவறான வழி இல்லை. ஆனால் பணம் திரும்பி வருவதற்கு நுகர்வோர் ஆணையம்தான் நேர்வழி என்று, கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். தமிழிலேயே பேசினார்கள், பொறுமையாகக் கேட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்களோடு தகராறு என்றால் இந்த வழியிலேயே பல நேரம் முடிந்துவிடும். அவர்களுக்குப் பதில் சொல்லத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். சின்னக் கடைக்கு அப்படி யாரும் கிடையாது, 1915க்கு உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. எங்களுக்குக் கடையிலிருந்து பதிலே வரவில்லை. ஆனாலும் அந்தப் புகார் எண் வீண் போகவில்லை. எந்தத் தேதியில் கேட்டோம் என்பதற்கு அது சாட்சி.

அடுத்து மாமா, வீட்டில் இருக்கிற எல்லாக் காகிதத்தையும் கொண்டுவரச் சொன்னார். அப்பா ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து கொட்டினார். வங்கிப் பரிமாற்ற விவரம், கடையின் லெட்டர்பேடில் "அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதி 90,000 போட்ட துண்டு, இன்சூரன்ஸ் நகல், பெட்ரோல் பில்கள். அதன் நடுவே கடையின் விசிட்டிங் கார்டு ஒன்று. அதைத் திருப்பினால் நீல மையில், கடைக்காரர் கையெழுத்தில், "2016 - பெட்ரோல் - 41,300 கி.மீ. - 3.40". மாமா அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் பத்திரமா வைங்க, இதுதான் கேஸு" என்றார். சித்தப்பா மகனின் போனில் கடை அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரமும் அழிக்கப்படாமல் இருந்தது. மீட்டர் படத்தோடு. அதை அச்சடித்து, எந்த போனிலிருந்து எடுத்தது என்ற சான்றும் சேர்த்தோம்.

நான் எதிர்பார்க்காத உதவி பழைய ஓனரிடமிருந்து வந்தது. ஆர்.சி.யில் இருந்த முகவரிக்குக் கடிதம் எழுதினேன், நான்கே நாளில் போன் செய்தார். டாக்டர் இல்லை, ஒரு கம்பெனியில் சேல்ஸ் வேலை, தினமும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று ஓட்டியிருக்கிறார். 2024 மே மாதமே கடைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார். அப்போது எழுதிய டெலிவரி நோட்டும், 1,18,000ஐத் தாண்டிய மீட்டரின் படமும் அவரிடம் இருந்தன. பெயர் மாறவில்லை என்று நான் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. பயந்துவிட்டார். பயத்தில் நியாயம் இருக்கிறது: விபத்து நடந்தால், வண்டி யார் கையில் இருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை விற்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் விற்றதை ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. "கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று இருவருமே விட்டுவிட்டோம்.

அந்த டெலிவரி நோட் வந்ததும் "நான் வெறும் புரோக்கர்" என்ற பேச்சு அடிபட்டுப் போனது. வண்டி மூன்று மாதம் அவர் கடையில் அவர் பொறுப்பில் நின்றிருக்கிறது, பணமும் அவர் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அனுமதிச் சான்று வாங்க வேண்டும், ஓனர் தன் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால் அந்த வியாபாரியே ஓனராகக் கருதப்படுவார் என்று விதி வந்திருக்கிறது. நாங்கள் போன கடையில் அப்படி ஒரு சான்று கண்ணில் படவில்லை. இனிமேல் யார் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

மாமா எழுதித் தந்த நோட்டீஸை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். வக்கீல் வைக்கவில்லை. வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தோம். ஒரு வாரத்தில், கடையின் ரப்பர் ஸ்டாம்ப் பதிந்த ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அப்பா அதையும் மஞ்சள் பையில் போட்டார்.

அவகாசம் முடிந்தபோது என் விடுப்பில் மூன்று நாள்தான் மிச்சம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்குச் சாதகமான பல அம்சங்கள் இருக்கின்றன. கடை திருச்சியில் இருந்தாலும், அப்பா குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. பணம் அனுப்பியது நான், வாங்கியது அப்பா, யார் பெயரில் போடுவது என்று குழம்பினேன். வாங்கியவர் அப்பாதான், அவர் பெயரிலேயே போடலாம், என் பணப் பரிமாற்றம் துணை ஆவணம் என்று மாமா தெளிவாக்கினார். வாடகைக்கு விட்டு லாபம் பார்க்க வாங்கிய வண்டி என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிடும். தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தெரிந்தவர் தன் சொந்த வண்டியை நேரடியாக விற்றார் என்றாலும் இந்தச் சட்டத்தில் அவரைப் பிடிப்பது கடினம். கடையில் வாங்குவதில் உள்ள ஒரே பாதுகாப்பு இதுதான், அதையும் பில் வாங்காமல் நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

இணையத்தில் தாக்கல் செய்யலாம். முன்பு அதற்கு இ-தாக்கில் என்ற தளம், 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ருதி. புகார் மனு, நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், ஆவணங்களின் அட்டவணை என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். கேட்டது இவ்வளவுதான்: வண்டியை எடுத்துக்கொண்டு 3,40,000 வட்டியோடு கொடுக்க வேண்டும், ரிப்பேர் செலவு, மன உளைச்சலுக்கு 50,000.

நான் வேலை செய்யும் சிங்கப்பூரில், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது விற்றவர் வேலை. நம் ஊரில் அந்தச் சுமை முழுக்க வாங்கியவர் தலையில் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பெடல் ரப்பரையும் ஜாப் கார்டையும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நான் கிளம்பிய பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வழக்கு எண் கிடைத்த சில வாரங்களில், ஐந்து மாதம் முடியாத வேலையைக் கடை முடித்துக் கொடுத்தது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வந்து ஹைபோதிகேஷன் நீங்கியது, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் போய், அப்பா பெயரில் ஆர்.சி. தபாலில் வீட்டுக்கே வந்தது. பணத்துக்கு மட்டும் இழுத்தார்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கூடுதலாகக் கேட்டால் 15 நாள். அதற்கு மேல் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020இல் சொல்லிவிட்டது. கடைசி நாளில் பதில் போட்டார்கள். அப்புறம் சமரசப் பேச்சில் 40,000 தருவதாகச் சொன்னார்கள். அப்பா மறுத்துவிட்டார். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் பல இடங்களில் அது நீள்கிறது. எங்களுக்கும் நீண்டது. காணொலியில் ஆஜராக அனுமதி கேட்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம், நேரில் போகிறேன் என்றார். காலையில் பஸ் பிடித்து, மஞ்சள் பையோடு போய், பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் அப்பாவிடம் பேசும்போது அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, உடனே வாய்தா விவரத்துக்கு வந்துவிட்டார். வாதம் முடிந்துவிட்டதாம், எழுத்து வாதம் மட்டும் பாக்கியாம். "நீ அனுப்பின பணத்துக்கு உன் பேங்க்ல சீல் வச்ச ஸ்டேட்மெண்ட் ஒண்ணு வேணும்ப்பா. ஒரிஜினலா அனுப்பு, ஸ்கேன் வேணாம்" என்றார். நாளை மதிய இடைவேளையில் வங்கிக்குப் போகிறேன்.