பழைய கணினி விளையாட்டுகள்: பெட்டியா, கீயா, கணக்கா, மறுவெளியீடா?

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கணினி விளையாட்டைக் காசு கொடுத்தே வாங்கி விளையாட நினைப்பவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. யாரோ விளையாடி முடித்த வட்டையும் பெட்டியையும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். வட்டு வேண்டாம் என்றால், விளையாட்டைத் திறக்கத் தட்ட வேண்டிய எழுத்து-எண் குறியீடான ஆக்டிவேஷன் கீயை மட்டும் விற்கும் இணையச் சந்தைகளுக்குப் போகலாம். விளையாட்டுகள் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஒருவருடைய ஸ்டீம் கணக்கையே மொத்தமாக விலை பேசலாம். அல்லது ஸ்டீம், ஜிஓஜி போன்ற கடைகளில் மறுவெளியீட்டைப் புதிதாக வாங்கலாம்.

இவற்றை விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். ஒரே அலமாரியில் ஒரே விலைக்கு இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குள் முழு விளையாட்டு இருக்கும், மற்றொன்றுக்குள் வெறும் பிளாஸ்டிக்தான் இருக்கும். அதைத் தீர்மானிப்பது வட்டின் கீறல் அல்ல. முதல் உரிமையாளர் அந்தக் கீயைத் தட்டச்சு செய்த அன்று அது எதோடு பிணைக்கப்பட்டது என்பதுதான்.

பழைய பெட்டி

1990களின் கடைசியில் வந்த பெரும்பாலான பெட்டிகளில் கீ யாரையும் போய்க் கேட்பதில்லை. 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வட்டு உறையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் கீயை நிறுவும்போது தட்டினால், அந்த எழுத்துகள் கணக்குப்படி பொருந்துகின்றனவா என்று நம் கணினியே பார்த்துக்கொள்ளும். எந்த சர்வருக்கும் செய்தி போகாது. ஆகவே பத்தாவது கையாக வாங்கினாலும் அது புதிய கீதான். இணையத்தில் பிறரோடு மோத அன்று உதவிய மைக்ரோசாஃப்டின் சோன் சேவை 2006இல் இதை நிறுத்திவிட்டது. ஆனால் அது விளையாட்டுக்கு நேர்ந்த குறை, கீக்கு நேர்ந்தது அல்ல.

அடுத்த வகை எனக்கு மிகவும் பிடித்தது. ஹாஃப்-லைஃப், ஸ்டார்கிராஃப்ட் இரண்டும் 1998இல் வந்தவை. இரண்டிலும் 13 இலக்கக் கீ, நான்கு, ஐந்து, நான்கு எனப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். தனியாக விளையாட அது எந்த சர்வரையும் கேட்காது. இணையத்தில் நுழையும்போது மட்டும் சரிபார்ப்பு நடக்கும். ஸ்டார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்டின் பழைய இணைய ஆட்டச் சேவையான பேட்டில்.நெட்டில் ஒரு கீயோடு ஒருவர் உள்ளே இருந்தால், அதே கீயோடு வரும் இரண்டாமவருக்கு "இந்தக் கீயை இன்னார் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்" என்று பெயரோடு பதில் வரும். அவர் வெளியேறினால் இவர் நுழையலாம். பிணைப்பு அந்த நேரத்தோடு மட்டும்தான். புத்தகத்தைக் கைமாற்றுவது போல விளையாட்டைக் கைமாற்ற இடம்கொடுத்த ஏற்பாடு இது. இதைவிட நேர்மையான ஒன்றை அதற்குப் பிறகு எந்த நிறுவனமும் கொண்டுவந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. விற்றவர் கீயை எழுதிவைத்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் போட்டிதான், முந்தியவருக்கு இடம். ஏமாற்று நிரல் பயன்படுத்தியவர்களின் கீயையே பிளிசார்ட் தடை செய்ததும் உண்டு. அப்படிப்பட்ட டையப்லோ 2 பெட்டியை வாங்கினால் முந்தைய உரிமையாளரின் தண்டனையையும் சேர்த்து வாங்குகிறோம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது தெரியாது.

பிறகு பிளிசார்ட் தன் புதிய கணக்கு முறையைக் கொண்டுவந்து, பழைய கீகளை அதில் சேர்த்தால் விளையாட்டை வட்டின்றித் தரவிறக்கலாம் என்று அறிவித்தது. வட்டைத் தொலைத்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் சேர்த்த கணத்திலிருந்து அந்தக் கீ ஓர் ஆளுக்குச் சொந்தமாகிவிட்டது. எனவே 2003இல் கைமாறிய வார்கிராஃப்ட் 3 பெட்டியும் 2013இல் கைமாறிய வார்கிராஃப்ட் 3 பெட்டியும் ஒரே பொருள் அல்ல. விற்பவர் அதைக் கணக்கில் சேர்த்திருந்தால், வாங்குபவருக்கு மிஞ்சுவது வட்டிலிருந்து நிறுவித் தனியாகவோ வீட்டு நெட்வொர்க்கிலோ விளையாடும் வசதி மட்டுமே. அதுவே போதும் என்பவர்களில் நானும் ஒருவன்.

மூன்றாவது வகை கணினியோடு பிணைந்தது. இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. 2007இல் பயோஷாக் வந்தபோது செக்யூரோம் என்ற நகல்தடுப்புப் பூட்டோடு வந்தது. இரண்டு முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக்கினார்கள், 2008இல் வரம்பையே நீக்கினார்கள். அதே 2008இல் ஸ்போர் மூன்று முறை என்ற வரம்போடு வந்து, அதே போன்ற கூச்சலுக்குப் பிறகு ஐந்தாக உயர்ந்தது. ஆக்டிவேஷனைத் திரும்பப் பெறும் கருவியைப் பின்னால் கொடுத்தார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இதன் பொருள் எளிது. முன்பிருந்தவர் கணினியை மாற்றிய ஒவ்வொரு முறையும் உங்கள் பங்கில் ஒன்று குறைந்திருக்கிறது. எத்தனை மிச்சம் என்று பெட்டி சொல்லாது, விற்பவருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது.

2004க்குப் பின்

நான்காவது வகை ஆளோடு பிணைந்தது. இதற்கு ஒரு நாளே உண்டு: 2004 நவம்பர் 16, ஹாஃப்-லைஃப் 2 வெளியான நாள். கடையில் பெட்டியாக வாங்கினாலும் ஸ்டீம் கணக்கில் கீயைப் பதிந்தால்தான் விளையாட்டு திறக்கும், பதிந்த கீயை வேறு கணக்குக்கு மாற்ற முடியாது என்ற நிபந்தனை அன்று நடைமுறைக்கு வந்தது.

இது செல்லுமா என்று ஜெர்மனியின் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. அந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் தந்த தீர்ப்பைப் படித்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். வட்டை மறுவிற்பனை செய்ய வாங்கியவருக்கு எந்தத் தடையும் இல்லை, அந்த உரிமை அப்படியே இருக்கிறது. கணக்கு இல்லாமல் வட்டு பயன்படாமல் போனால் அது பதிப்புரிமைச் சட்டத்தின் கவலை அல்ல என்பதே அதன் சாரம். சட்டப்படி விற்கலாம், வாங்கியவர் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்!

2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட்–ஆரக்கிள் வழக்கில், தரவிறக்கிய மென்பொருளின் உரிமத்தையும் மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தபோது விளையாட்டு ஆர்வலர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. பிரான்சின் நுகர்வோர் அமைப்பான யூஎஃப்சி-க் ஷுவாசிர் தொடுத்த வழக்கில் 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஸ்டீம் பயனர்களுக்கு ஆதரவாகவே தீர்ப்பு சொன்னது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. விளையாட்டு என்பது வெறும் மென்பொருள் அல்ல, இசையும் ஓவியமும் கதையும் சேர்ந்த கலவைப் படைப்பு, ஆகவே மென்பொருளுக்கான விதி இதற்குப் பொருந்தாது என்பது அதன் வாதம். 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. விளையாட்டைக் கலை என்று ஏற்க வேண்டும் எனப் பல காலம் வாதாடியவர்களுக்கு, அந்த அங்கீகாரம் மறுவிற்பனை உரிமையைப் பறிக்கும் தீர்ப்பில் கிடைத்தது.

நடைமுறையில் 2004க்குப் பிந்தைய ஸ்டீம் பெட்டியை ஒரே நிலையில்தான் வாங்கலாம்: கீ ஒருபோதும் பதியப்படாதிருந்தால். உறை பிரிக்காத பெட்டி என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பழைய ஹாஃப்-லைஃப் கீகளையும் ஸ்டீம் ஏற்றுக்கொண்டது, ஆனால் அங்கும் ஒரு கீக்கு ஒரு கணக்குதான்.

பூட்டு வேறு, கீ வேறு

கீ சம்மதித்தாலும் வட்டு சம்மதிக்காத நிலை ஒன்று உண்டு. 2000களின் தொடக்கத்தில் வந்த பல வட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அது இயங்கத் தேவையான டிரைவரை விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் சேர்க்கவே இல்லை. 2015 செப்டம்பரில் பாதுகாப்புக் காரணம் சொல்லி விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் முடக்கியது. 2002இன் பேட்டில்ஃபீல்ட் 1942 இருபுறமும் அடிவாங்கியது: சேஃப்டிஸ்க் பூட்டு ஒருபுறம், 2014இல் கேம்ஸ்பை சேவை மூடப்பட்டதால் இணைய ஆட்டம் நின்றது மறுபுறம். கேம்ஸ்பையை நம்பியிருந்த சில விளையாட்டுகளுக்கு ரசிகர்களே மாற்று சர்வர்கள் நடத்துகிறார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் செகண்ட் ஹேண்ட் வட்டுகள் முழுப் பயன் தரும்.

கீ மட்டும் விற்கும் சந்தை

இங்கே கீ புதியது, பெட்டி கிடையாது, விலை மலிவு. மலிவுக்கு நேர்மையான காரணங்கள் உண்டு: விலை குறைந்த நாட்டில் வாங்கிய கீ, தொகுப்பில் வந்து தேவைப்படாத கீ. நேர்மையற்ற காரணமும் உண்டு, திருட்டுக் கடன் அட்டையில் வாங்கிய கீ. 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட், மோசடியாக வாங்கப்பட்டு இத்தகைய சந்தைகளில் விற்கப்பட்ட ஃபார் க்ரை 4 கீகளைச் செல்லாததாக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் நூலகத்திலிருந்து விளையாட்டு காணாமல் போனது. ஏற்கெனவே விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு மட்டும் பிறகு திருப்பித் தந்தார்கள். ஃபாக்டோரியோவை உருவாக்கிய வூப் நிறுவனம் கொடுத்த புகாரில், 198 திருட்டுக் கீகள் தன் தளத்தில் விற்கப்பட்டதை இத்தகைய சந்தைகளில் ஒன்றான ஜி2ஏ 2020இல் ஒப்புக்கொண்டு 39,600 டாலர் கொடுத்தது.

பழைய விளையாட்டுக்கு இந்த வழி தேவையே இல்லை என்பது என் கருத்து. தள்ளுபடிக் காலத்தில் அதிகாரப்பூர்வக் கடையிலேயே விலை அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

கணக்கை வாங்குவது

வேண்டாம். ஸ்டீமின் ஒப்பந்தம் கணக்கு விற்பனையைத் தடை செய்கிறது. தவிர, கணக்கு பறிபோனதாகப் புகார் வந்தால் ஸ்டீம் கேட்கும் ஆதாரம் பணம் செலுத்திய விவரம் அல்லது அதில் பதிந்த கீ. இரண்டும் விற்றவரிடம்தான் இருக்கும். உங்களிடம் காசு வாங்கிய மறுமாதமே அவர் கணக்கை மீட்டுக்கொள்ளலாம்.

மறுவெளியீடு

விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் இதுதான் முதலிடம். 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடை கீயும் பூட்டும் இல்லாத நிறுவுகோப்பைத் தருகிறது. அதை ஒரு வட்டிலோ பென் டிரைவிலோ போட்டு வைத்தால் கடை மூடினாலும் விளையாட்டு நம்மிடம் இருக்கும். வார்கிராஃப்டின் முதல் இரண்டு பாகங்களும் 2024 டிசம்பரில் ஜிஓஜியின் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. அதற்கு முன் வாங்கியவர்களுக்கு நஷ்டமில்லை. வெளிநாட்டு ஏலத் தளத்தில் பெட்டி வாங்கினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். இங்கே அஞ்சல் செலவும் கிடையாது.

ஆனால் மறுவெளியீடு எப்போதும் அதே விளையாட்டு அல்ல. ஜிடிஏ 4-இன் பாடல் உரிமங்கள் 2018இல் காலாவதியானபோது, அதன் விளாடிவாஸ்டாக் எஃப்எம் வானொலியில் ஒலித்த பாடல்கள் பல நீக்கப்பட்டன. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்த ஸ்டீம் பயனர்களுக்கும் புதுப்பிப்பாக வந்து அவை பறிபோயின. 2008இன் வட்டில் அந்தப் பாடல்கள் இன்றும் இருக்கின்றன, ஆனால் அதே வட்டுக்கு இணைய ஆக்டிவேஷனும் மைக்ரோசாஃப்ட் லைவ் கீயும் தேவை. வேண்டிய இசை ஒருபக்கம், வேண்டாத பூட்டு மறுபக்கம். 2020இல் வார்கிராஃப்ட் 3-இன் மறுஆக்கமான ரீஃபோர்ஜ்டு வந்தபோது, பழைய பதிப்பை இணையக் கணக்கில் வைத்திருந்தவர்கள் மேலேயும் புதிய நிரல் ஏற்றப்பட்டது. வட்டில் வைத்திருந்தவரிடம் பழையது அப்படியே இருந்தது.

மறுவெளியீடே இல்லாதவையும் உண்டு. 2000இல் மோனோலித் உருவாக்கிய நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் யாருக்குச் சொந்தம் என்பதில் நிறுவனங்களுக்கே தெளிவில்லாததால் எந்த இணையக் கடையிலும் வரவில்லை. அதற்குச் செகண்ட் ஹேண்ட் வட்டு ஒன்றே வழி. சேகரிப்பாளர்கள் அதன் விலையை ஏற்றி வைத்திருப்பதில் வியப்பில்லை.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

பெட்டிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், "நன்றாக ஓடுமா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓடும் என்றுதான் சொல்வார்கள். "இந்தக் கீயை ஸ்டீமிலோ பேட்டில்.நெட்டிலோ வேறு கணக்கிலோ எப்போதாவது பதிந்தீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு ஏதாவது தகராறு என்றால் அந்தப் பதில்தான் கைகொடுக்கும். ஸ்டிக்கர் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். வட்டு உறையிலா, கையேட்டின் பின்னட்டையிலா? கையேட்டில் இருந்து, கையேடு தொலைந்திருந்தால் கீயும் போயிற்று. ஸ்டிக்கர் தேய்ந்திருந்தால் 8-உம் B-உம் ஒன்றாகத் தெரியும், 0-வும் O-வும் அப்படித்தான். என்னிடம் உள்ள ஒரு பெட்டியில் இப்படி இரண்டு இடங்கள், நான்கு சேர்க்கைகளையும் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சர்வரைக் கேட்காத கீ என்பதால் எத்தனை முறை தவறாகப் போட்டாலும் அது கோபித்துக்கொள்ளவில்லை.

விளம்பரப் படத்திலேயே கீ தெளிவாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். விற்பவர் நாணயமானவராகவே இருக்கலாம், ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த யார் வேண்டுமானாலும் உங்களுக்கு முன்பே அதைத் தம் கணக்கில் பதிந்திருக்கலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போல யாரையும் கேட்காத கீ என்றால் மட்டும் படத்தில் தெரிந்தாலும் பாதகமில்லை, தாராளமாக வாங்கலாம்.