குலைநோய்க்கு ட்ரைசைக்ளசோல்: ஆறு சம்பாவில் நான் கண்டது

மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கரில் ஆந்திரா பொன்னி (பி.பி.டி. 5204) போடுகிறேன். அரிசி சன்னம், விலை கிடைக்கும். ஆனால் குலைநோய் என்ற பூஞ்சை நோயைத் தாங்காத ரகம். அதனால் 75 சதவீத ட்ரைசைக்ளசோல் என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை ஆறு சம்பாவாக அடித்து வருகிறேன்.

முதல் வருடம் இந்த மருந்தைத் திட்டித் தீர்த்தேன். கதிர்க் கழுத்து கறுத்ததைப் பார்த்த பிறகுதான் தெளித்தேன். கதிர்கள் வெளுத்து நின்றன. தூற்றினால் பாதி பதர். கடையில் "இன்னொரு தடவை அடிங்க" என்றார்கள். அடித்தும் பயனில்லை, காசுதான் போனது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. குலைநோய்ப் பூஞ்சை பயிரைத் துளைத்து உள்ளே போக அதற்கு மெலனின் என்ற கருநிறமி வேண்டும். அந்த நிறமி உருவாவதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையிடம் இதற்குப் பெரிதாக வேலை இல்லை.

அடுத்த சம்பாவிலிருந்து நேரத்தை மாற்றினேன். இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு: இது நாலைந்து இலையில் தெரிந்ததுமே ஒரு தெளிப்பு. கதிர் எட்டிப் பார்க்கும்போது இன்னொன்று. 10 லிட்டர் டேங்குக்கு 6 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், கூடவே ஒட்டுத் திரவம். காலைப் பனி காய்ந்த பிறகே வயலில் இறங்குவேன். கழுத்துக் குலைநோய் அதிலிருந்து என்னைப் பெரிதாக வாட்டவில்லை. ஒரே மருந்துக்குப் பூஞ்சை பழகிவிடக் கூடாதென்று, சில வருடம் இரண்டாம் தெளிப்புக்கு அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற வேறொரு பூஞ்சைக்கொல்லியை எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் யூரியாவைக் கொட்டினால் எந்த மருந்தும் நிற்காது. பயிர் கருகருவென்று நின்றால் பார்க்க அழகுதான். நோய்க்கும் அதுதான் பிடிக்கும். இப்போது இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பிரித்துப் பிரித்துத்தான் மேலுரம் போடுகிறேன். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கலப்பதையும் விடுவதில்லை.

கடைசித் தெளிப்புக்கும் அறுப்புக்கும் நடுவே 30 நாளாவது விடுங்கள். இந்த மருந்தின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் முடிவெடுத்து, பாசுமதி ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. என் நெல் கப்பல் ஏறப்போவதில்லை. ஆனால் அதே அரிசியைத்தான் என் வீட்டிலும் பொங்குகிறோம்.