கம்பி உறுதி, மையில்தான் கஞ்சத்தனம்

ஆவடி டாங்கி தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2018 மார்ச் அறிக்கையைத் திருவல்லிக்கேணி பெரிய தெருவுக்கு அருகிலுள்ள ஒரு நகலகத்தில் அச்சிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டேன். கம்பி கச்சிதம்; தாள் எங்கும் சிக்கவில்லை. மையில்தான் கஞ்சத்தனம். ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் தற்காலத்தவை, 8 சதவீதமே அதிநவீனம் என்று துணைத் தளபதி குழுவிடம் சொன்ன பக்கத்தில் 8 என்பது 3 போல மங்கிக் கிடந்தது. அன்றைய நிலைமையே மோசம், இதில் 3 வேறா! கடைப் பையன் முகம் சுளிக்காமல் அந்தப் பக்கத்தை மறுபடி அடித்துக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. “பரீட்சைக்கா சார்?” என்று மட்டும் கேட்டான். மாலையில் போகாதீர்கள், மாணவர் கூட்டம் தாங்காது.